சாவா மூவா வீடு: அந்தமானில் குடிக்கூலியின் கதை

மலர்க் குழுத் தம்பிமார் இரண்டு பேர் போன மாதம் என் கடைக்கு வந்தார்கள். "நயினார், போன தடவை கல்வெட்டு, அதற்கு முந்தின தடவையும் கல்வெட்டு. இந்த முறை நம்ம சனங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். "வாடகை வீட்டைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாடகைக்கு இருப்பவர், இன்னொருவர் வாடகைக்கு விடுபவர். இந்தத் தீவில் நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வகையில் ஒன்றில் அடங்கிவிடுவோம். சிலர் இரண்டிலும் சேர்வோம். ஆகவே எழுதுகிறேன். கல்வெட்டை முழுக்க விட்டுவிட என்னால் முடியவில்லை என்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். தமிழ்ச் சமணர் குடும்பம். 1983-இல் மாமாவின் பாத்திரக் கடையில் வேலை பார்க்கக் கப்பல் ஏறி வந்தேன். கல்லூரிப் படியை மிதித்தவன் அல்லன். பகலில் எவர்சில்வர், இரவில் சாசனத் தொகுதி என்று நாற்பது வருடம் ஓடிவிட்டது. கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து, மனைவியின் நகையையும் போட்டு, காராச்சர்மாவில் மூன்று போர்ஷன் வீடு ஒன்று கட்டினேன். அதைப் பற்றிப் பின்னால் வரும்.

1. சொல்லின் கதை

நம் பாட்டன்மார் 'வாடகை' என்பதைவிடக் 'குடிக்கூலி' என்றுதான் அதிகம் சொன்னார்கள். குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. நல்ல சொல், எதற்காகப் பணம் கைமாறுகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. 'வாடகை' என்பது வடமொழியின் 'பாடகம்' என்ற சொல்லோடு உறவுடையது. இந்திக்காரர் சொல்லும் 'பாடா'வும் அதன் வழி வந்ததே. நம் பஜாரில் காதில் விழும் 'கிராயா' அரபியிலிருந்து பாரசீகம் வழியாக இந்திக்கு வந்தது. ஆக, அபர்டீன் பஜாரில் ஒரு தமிழ் வீட்டுக்காரர் வங்காளிக் குடித்தனக்காரரிடம் "கிராயா எப்போ தருவீங்க?" என்று கேட்கும்போது மூன்று நாகரிகங்கள் அந்த வாசலில் நிற்கின்றன. நாலாவதாகப் பணமும் வந்து நின்றால் நல்லது!

2. சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க ஆடு விடுவார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு. தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. இவற்றை ஓர் இடையர் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குச் சாசனங்கள் கொடுத்த பெயர்தான் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடு தட்டாத ஆடு.

ஆடு சாகாமல் இருக்குமா? சாகும், கிழடாகும். ஆனால் ஈன்ற குட்டிகளில் இருந்து செத்ததற்கு ஈடு கட்டிவிட வேண்டும். எண்ணிப் பார்த்தால் எப்போதும் 96 நிற்க வேண்டும். அதாவது எல்லாக் குட்டியையும் விற்றுத் தின்ன முடியாது. எல்லாப் பாலையும் நெய்யாக்கவும் முடியாது. முதல் குறையாமல் பார்த்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் வருமானம்.

பணமாக வைத்த அறக்கட்டளைகளும் இதே வழிதான். போளூருக்குப் பக்கத்தில் உள்ள திருமலை சமணத் தலத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துச் சாசனம் ஒன்று உண்டு. வியாபாரி நன்னப்பையன் மனைவி சாமுண்டப்பை என்ற அம்மையார் நந்தா விளக்குக்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் வைத்தார் என்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தின ஒரு வியாபாரி வீட்டு அம்மா! முதலைத் தொடாமல் அதன் பொலிசையில், அதாவது வட்டியில், தருமம் நடத்துவதே இத்தகைய கட்டளைகளின் முறை. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. கணக்குப் போட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்று இந்திய நகரங்களில் குடியிருப்பு வீட்டின் விலையில் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் பெரும்பாலும் ஆண்டு வாடகையாக வருகிறது. வீட்டு வாடகையில் பணக்காரர் ஆகிவிடலாம் என்று நினைக்கும் தம்பிமார் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த இராசேந்திரன்தான் கடாரத்துக்குக் கப்பல் விட்டவன். தஞ்சைக் கல்வெட்டில் அவன் வென்ற இடங்களின் பட்டியலில் மா நக்கவாரம், அதாவது நம் நிக்கோபார், வருகிறது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியபோது எனக்கு இந்தப் படையெடுப்புதான் நினைவுக்கு வந்தது. பெயர் எதுவானாலும் மே மாதம் மழை தொடங்கிவிடும், தகரக் கூரை ஒழுகும்!

3. நிலம் யாருடையது?

ஊரில் நமக்குப் பட்டா என்றால் பட்டாதான். இங்கே அப்படி இல்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கியபோதே நிலம் எல்லாம் சர்க்கார் நிலம். கடுங்காவல் முடித்து, ஏறக்குறைய பத்து ஆண்டு நன்னடத்தையோடு இருந்த கைதிக்கு 'டிக்கெட்' கொடுத்து, 'செல்ப் சப்போர்ட்டர்' என்ற பெயரில் கிராமத்தில் குடியமர விட்டார்கள். அவர் உழுதார், மாடு வைத்துக்கொண்டார், வீடு கட்டினார். ஆனால் அந்த மண் அவருடையது அன்று. சர்க்கார் விட்டுவைத்த வரையில் அனுபவம், அவ்வளவுதான். 1921-இல் கைதிக் குடியேற்றத்தைக் கைவிடும் முடிவு வந்தது. தீவில் சுதந்திரக் குடிகள் நிலைக்க வேண்டுமானால் மண்ணில் பிடிப்பு வேண்டும் என்ற நிலையில், 1926-இன் நில உரிமை ஒழுங்குமுறை நிலைத்த அனுபவ உரிமைக்கு வழி திறந்தது. மலபார் மாப்பிள்ளைமார், பர்மாவின் கரேன்கள், பாந்துக்கள் எல்லாம் இந்த இருபதுகளில் வந்து சேர்ந்தவர்களே. 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்களைக் கொண்டுவந்து, நெல்லுக்கும் மேட்டுப் பயிருக்குமாக நிலம் கொடுத்து அமர்த்தினார்கள்.

இன்று நம்மை ஆள்வது 1966-ஆம் ஆண்டு நிலவருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை. அதன்படி தீவின் நிலம் மத்திய அரசுக்கு உரியது. நாம் அனைவரும் ஏதோ ஒரு வகைக் குடிதான்: அனுபவ உரிமைக் குடி, அவ்வுரிமை இல்லாத குடி, கிராண்டி, லைசென்சி. கேட்க வேடிக்கையாக இருக்கும். வாடகைக்கு விடும் வீட்டுக்காரரே மண்ணைப் பொறுத்தவரை சர்க்காரின் குடித்தனக்காரர்!

இதில் பணக் கணக்கு எங்கே வருகிறது என்றால், இங்கே வருகிறது. வீட்டு மனையாக மாற்ற அனுமதி வாங்காத விளைநிலத்தில் கட்டிய வீடு, பாரம் எஃப்-இல் பெயர் ஏறாத வீடு, ஆக்கிரமிப்பு நிலத்து வீடு ஆகியவற்றின் மேல் வங்கி கடன் தராது. கைமாற்ற நினைத்தால் வாங்க ஆள் பயப்படும். வாடகை மட்டும் வந்துகொண்டிருக்கும். அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். எனக்குத் தெரிந்த பலர் முதலில் வீட்டைக் கட்டிவிட்டுப் பிறகு காகிதத்துக்கு அலைந்தார்கள். ஆடு இருக்கிறதா என்று எண்ணுவதற்கு முன் அது நம் ஆடுதானா என்று பார்க்க வேண்டும்.

4. ஆறில் ஒன்று

வாடகை வருமானத்துக்கு வரி போடும்போது வெள்ளைக்காரன் ஒரு நியாயம் செய்தான். 1922-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், பழுதுபார்ப்புச் செலவை வீட்டுக்காரர் ஏற்றால் ஆண்டு மதிப்பில் ஆறில் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம் என்று வைத்தான். உண்மையில் செலவு செய்தீரா, ரசீது எங்கே என்ற கேள்வி இல்லை. வீடு என்றால் தேயும் என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் இதை ஏற்றது. அளவு படிப்படியாகக் கூடி, 2001-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் 30 விழுக்காடு ஆனது. 2025-இல் இயற்றி, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாக வைத்த புதிய வருமான வரிச் சட்டமும் இந்த 30-ஐ அப்படியே வைத்திருக்கிறது.

நம்மவர் செய்யும் தவறு என்னவென்றால், இந்த 30 விழுக்காட்டைச் சர்க்கார் கொடுத்த சலுகை என்று நினைத்துச் செலவு செய்துவிடுவது. அது சலுகை அல்ல, வீட்டின் பங்கு. அதிலும் இந்தத் தீவில் வீட்டின் பங்கு அதிகம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. உப்புக் காற்று கம்பியைத் தின்னும். கரையான் மரத்தைத் தின்னும். சிமெண்டும் கம்பியும் கப்பலில் வர வேண்டும். கடல் மணல் எடுப்பதை 2002-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்திய பிறகு, ஒரு லோடு மணல் சொல்லி வைத்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. இதோடு நாம் நில அதிர்ச்சி மண்டலம் ஐந்தில் இருக்கிறோம். 1941 ஜூன் 26-இல் வந்த பெரிய நில நடுக்கத்தைப் பற்றி லோக்கல் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பழுது பார்க்காத வீடு என்ன ஆகும் என்று காண வேண்டுமானால் படகு ஏறி ராஸ் தீவுக்குப் போங்கள். 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஒரு காலத்தில் தலைமை இடம். நடன மண்டபம், மாதாகோயில், துரைமார் பங்களா எல்லாம் இருந்தன. 1941 நடுக்கம், 1942-இல் ஜப்பானியர் வருகை, பிறகு ஆள் இல்லை. இன்று சுவரைத் தாங்கி நிற்பது ஆல வேரா, வேரைத் தாங்கி நிற்பது சுவரா என்று தெரியாது.

5. பம்பாய் சொல்லும் பாடம்

வீட்டுக்காரர் பேராசை பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும், குடித்தனக்காரருக்கு மட்டும் சாதகமாகச் சட்டம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உலகத்தில் சான்று உண்டு.

முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போரில். 1915-இல் மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத் தெருவாகத் திரண்டு, ஏற்றிய வாடகையைத் தர மாட்டோம் என்று நின்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் அரசு வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. அதே காற்று 1918-இல் பம்பாய்க்கும் வந்தது. பிறகு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பம்பாய் வாடகையை 1940-இன் அளவை ஒட்டி நிறுத்தி வைத்தது.

போர்க் காலத்தில் அது தேவை. ஆனால் பத்தாண்டு பத்தாண்டாக அப்படியே நின்றால்? இடையரிடம் 96 ஆட்டைக் கொடுத்து, குட்டி எதையும் வைத்துக்கொள்ளாதே என்று சொன்ன கதைதான். வீட்டுக்காரர் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'பகடி' என்ற பெயரில் பணம் கள்ளத்தனமாகக் கைமாறியது. மழைக்காலத்தில் பழைய கட்டடங்கள் சரிந்து மனிதர்கள் செத்தார்கள். 1969-இல் கட்டடப் பழுதுக்கென்றே சட்டம் போட்டு வாரியம் அமைக்க வேண்டி வந்தது. மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதம் ஏற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. இரண்டு பக்கமும் வாழ வேண்டும் என்ற எளிய உண்மைக்கு வந்துசேர அவ்வளவு காலம்!

6. 2005: என் சொந்தக் கணக்கு

இனி என் கதை. பெருமைக்குரியது அல்ல. ஆனாலும் மற்றவர்க்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

காராச்சர்மா வீட்டில் கீழ்ப் போர்ஷனில் ஒரு டீச்சரம்மா குடும்பம் பத்து வருடமாக இருந்தது. 2004-இல் வாடகை மாதம் 2,500. ஐந்தாம் தேதி தாண்டியதே இல்லை. டிசம்பர் 26-இல் சுனாமி. டீச்சரம்மாவின் தம்பி, ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்து கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பத்தில் பெண் எடுத்து அங்கேயே இருந்தவர். தோட்டக் குடியிருப்பு போய்விட்டது. கட்டிய துணியோடு கப்பலில் வந்து அக்கா வீட்டில் தங்கினார்கள். இரண்டு அறையில் பதினோரு பேர்.

அந்தச் சமயம் நிவாரண வேலைக்காக வெளியூர் அமைப்புகள் நிறைய வந்தன. வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. பிப்ரவரியில் ஓர் அமைப்பின் ஆட்கள் வந்து, "மாதம் 8,000 தருகிறோம், கீழ்ப் போர்ஷன் வேண்டும்" என்றார்கள். நான் அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் டீச்சரம்மாவிடம் போய், "எனக்கும் கஷ்டம்தாம்மா, பையன் படிப்பு இருக்கு" என்று ஏதோ இழுத்தேன். அவர் சண்டை போடவில்லை. "ஒரு மாசம் டைம் குடுங்க நயினார்" என்றார். ஒரு மாதம் முடிவதற்குள் சாவியைக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த அமைப்பு பதினெட்டு மாதம் இருந்தது. வந்த பணம் 1,44,000. டீச்சரம்மாவே இருந்திருந்தால் 45,000. கூடுதல் 99,000. அப்போது எனக்கு நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

பிறகு அவர்கள் போனார்கள். நடுச் சுவரை இடித்து ஹால் ஆக்கியிருந்தார்கள். ஜெனரேட்டர் வைத்த இடத்தில் தளம் வெடித்திருந்தது. குளியலறைக் குழாய் எல்லாம் போயிருந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வைக்காததால் கேட்க முடியவில்லை. பழுதுக்கு 52,000. வரியும் வெள்ளையடிப்பும் சேர்த்து 11,000. மற்ற அமைப்புகளும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. ஊரில் காலி வீடுகள். நான் 6,000-க்குக் குறைய மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பதினோரு மாதம் பூட்டிக் கிடந்தது. பழைய வாடகைப்படி பார்த்தாலே நட்டம் 27,500. கடைசியில் 3,500-க்கு விட்டேன்.

99,000-இல் இந்த மூன்றையும் கழியுங்கள். மிச்சம் 8,500. ஏறக்குறைய அவர்கள் கொடுத்த ஒரு மாத வாடகை. இதற்காகத்தான் பதினோரு பேரைத் தெருவுக்கு அனுப்பினேன்.

எங்கள் சமயத்தில் இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதம் சொல்வார்கள். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விரும்பாமை, மிகுபொருள் வரைதல். ஐந்தாவதன் பொருள், பொருளே வேண்டாம் என்பதல்ல. இவ்வளவு போதும் என்று நாமே ஒரு கோடு போட்டுக்கொள்வது. சின்ன வயதிலேயே பாடம் பண்ணியவன் நான். பாடம் பண்ணியது வேறு, பிப்ரவரி மாதத்தில் ஒருவன் எண்ணாயிரம் ரூபாயோடு வாசலில் நிற்பது வேறு.

2012-இல் டீச்சரம்மா மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கக் கடைக்கு வந்தார். பில்லில் ஆயிரம் ரூபாய் குறைத்தேன். அவர் பில்லைத் திருப்பிப் பார்த்து, "முழுசா போடுங்க நயினார். அன்னிக்கு நீங்க உங்க கணக்கப் பார்த்தீங்க, தப்புன்னு சொல்லல. ஒரு வார்த்தை என்கிட்ட எவ்வளவு தர முடியும்னு கேட்டிருக்கலாம். தம்பியும் சம்பாதிக்க ஆரம்பிச்சிருந்தான், நாலாயிரம் தந்திருப்போம்" என்றார். முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு அந்தக் கணக்கையும் போட்டேன். பதினெட்டும் பதினொன்றும் இருபத்தொன்பது மாதம், மாதம் 1,500 கூடுதல். 43,500. இடிக்காத சுவரோடு. கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தைதான் என் வியாபார வாழ்க்கையிலேயே அதிக விலை கொடுத்து வாங்கிய சரக்கு.

7. இன்றைய சட்டமும் இன்றைய கணக்கும்

2021 ஜூனில் மத்திய அரசு மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. அதை ஒட்டி அந்தமான் நிக்கோபாருக்கான வாடகை ஒழுங்குமுறைக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மாதிரிச் சட்டத்தின் முக்கிய செய்திகள் இவை: ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; இரண்டு மாதத்துக்குள் வாடகை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். குடியிருப்புக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது. கடைக்கு ஆறு மாதம். வாடகையை மாற்ற மூன்று மாதம் முன்னறிவிப்பு. சுவர், கூரை, வெள்ளையடிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. சில்லறைப் பழுது குடித்தனக்காரர் பொறுப்பு. தகராறு என்றாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. கெடு முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதம் இரண்டு மடங்கும், அதற்குமேல் நான்கு மடங்கும் தர வேண்டும். இரு தரப்புக்கும் பல் வைத்த சட்டம் இது. 2005-இல் எழுத்து இருந்திருந்தால் என் 52,000-க்குக் கேள்வி கேட்டிருப்பேன். டீச்சரம்மாவும் என்னைக் கேள்வி கேட்டிருப்பார்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. மாதம் 12,000 வாடகை என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,44,000. இதைத்தான் நாம் வருமானம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோம். வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று எடுங்கள். நம் குடித்தனக்காரர் பலர் சர்க்கார் உத்தியோகஸ்தர், மாற்றல் வந்தால் போய்விடுவார். மிச்சம் 1,32,000. வீட்டு வரி 6,000 என்றால் 1,26,000. பழுதுக்கு அந்தப் பழைய ஆறில் ஒன்று, 24,000. இதைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். மிச்சம் 1,02,000. காப்பீடு, ஒப்பந்தச் செலவு, தண்ணீர்த் தொட்டி கழுவுவது எல்லாம் 6,000. கையில் நிற்பது 96,000. (96! நான் வேண்டுமென்று வரவழைக்கவில்லை.) வரிக்குக் காட்ட வேண்டியது, 1,26,000-இல் 30 விழுக்காடான 37,800 போக, 88,200. கடன் வாங்கிக் கட்டியவர்க்கு வட்டிக் கழிவு தனியாக உண்டு. ஆனால் வட்டியால் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிப்பதற்குப் பழைய வரி முறையில் 2 லட்சம் வரம்பு, புதிய முறையில் அதுவும் இல்லை. ஆடிட்டரைக் கேட்டுச் செய்யவும்.

ஆகவே 12,000 வாடகை வாங்குபவர் 8,000-தான் தன்னுடையது என்று நினைக்க வேண்டும். 12,000-ஐ நம்பி மாதத் தவணை கட்ட ஒப்புக்கொண்டவர் இரண்டாம் ஆண்டே ஆட்டை விற்க ஆரம்பிப்பார்.

இன்னும் சில அனுபவக் குறிப்புகள். கூரைத் தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் விடுங்கள்; ஜனவரி முதல் ஏப்ரல் வரை தனிக்காரி அணை வற்றி முறைத் தண்ணீர் வரும்போது, தொட்டி உள்ள வீட்டைக் குடித்தனக்காரர் விட மாட்டார். கூரை வேலையை மழை விட்ட மாதங்களில் முடியுங்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து ஏற்றம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாக இரண்டாயிரம் ஏற்றுவதுதான் சண்டைக்கு வித்து. நல்ல குடித்தனக்காரருக்கு நூறு இருநூறு குறைத்துக் கொடுத்தால் தவறில்லை. ஒரு மாதம் காலி கிடந்தால் போவது பன்னிரண்டாயிரம். யாராவது அதிக வாடகையோடு வாசலுக்கு வந்தால், உள்ளே இருப்பவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

முடிவாக

தமிழில் 'வீடு' என்றால் குடியிருக்கும் மனையும் ஆகும், முத்தியும் ஆகும். இரண்டாவது வீட்டைப் பற்றி எழுத நான் தகுதியுடையவன் அல்லன். முதல் வீட்டைப் பற்றி நாற்பது வருடக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியதில் தெரிந்ததை எழுதிவிட்டேன். திருமலைச் சாமுண்டப்பை அம்மாள் வைத்த 20 காசு யார் கைக்குப் போயிற்றோ, அந்த விளக்கு என்று அணைந்ததோ. ஆனால் முதலைத் தின்னாதே என்ற பாடம் கல்லில் நிற்கிறது.

காராச்சர்மா கீழ்ப் போர்ஷனில் இப்போது மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்சம்மா குடும்பம் இருக்கிறது. ஒன்பதாவது வருடம். வாசகர் யாராவது அந்தப் போர்ஷன் காலியா என்று கேட்டால், இல்லை என்பதே பதில். பிழை இருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள். டீ வாங்கித் தருகிறேன்.